தேர்ட் பார்ட்டியா, சந்தை விலையா, இணங்கிய பெறுமதியா? மலையகத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்தக் காப்புறுதி

எம்.ஜி. டி.டி., எம்.ஜி.ஏ., ஒஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட், டிரயம்ப் டி.ஆர். 3 என்று மலையகத்தில் இன்னும் ஓடும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கையில் இருந்தால், வருடத்துக்கு ஒருமுறை மூன்று வழிகளில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது. சட்டம் கேட்பதற்காக மட்டும், நீங்கள் இடித்தவருக்கே நட்டஈடு தரும் தேர்ட் பார்ட்டி எடுக்கலாம். வழக்கமான முழுக் காப்புறுதி எடுக்கலாம். அதில் நட்டம் வரும் நாளின் சந்தை விலைதான் அளவுகோல். அல்லது, கார் இவ்வளவு பெறும் என்று இரு தரப்பும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திடும் இணங்கிய பெறுமதிக் காப்புறுதிக்குப் போகலாம்.

பெரும்பாலானோர் மூன்று பிரீமியங்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: அடிபட்ட பிறகு கார் யார் கையில் இருக்கும்? குறைந்த தொகைக்குக் காப்புறுதி செய்தால் கொஞ்சம் காசு குறையும், அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். உண்மையில் காரே போய்விடலாம். அது எப்படி என்பதைக் கணக்கோடு கீழே பார்ப்போம். முதலில் விலை.

விலை எங்கிருந்து வருகிறது

இலங்கையில் இந்தக் கார்களின் எண்ணிக்கை இனிக் கூடப் போவதில்லை. 1960-களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. அதனால் இங்கே கிடைப்பவற்றில் பெரும்பகுதி அதற்கு முந்தியவை, அதற்குப் பின் வந்த எம்.ஜி.பி. அரிது, எம்.ஜி.ஏ.யும் எம்.ஜி.யின் டி வரிசையும் (டி.சி., டி.டி., டி.எஃப்.) ஒப்பீட்டளவில் அதிகம். துரைமார் ஓட்டிய கார்களில் பல, 1972-லும் 1975-லும் தோட்டங்கள் அரசுடைமையான காலத்தில் கைமாறி இங்கேயே தங்கிவிட்டன. 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது உண்மைதான். ஆனால் பாவித்த வாகனமென்றால் ஒருசில வருடப் பழசுக்குத்தான் அந்த வாசல். அறுபது வருடப் பழசு அதன் வழியாக வராது.

ஆகவே இங்கிலாந்தின் ஏல விலையைப் பவுணிலிருந்து ரூபாவுக்குப் பெருக்கி, ‘இதுதான் என் காரின் விலை’ என்று படிவத்தில் எழுதுவது இரண்டு பக்கமும் பிழையாகும். டி.டி. மொத்தம் 29,664 செய்யப்பட்டது, எம்.ஜி.ஏ. ஒரு இலட்சத்துக்கும் மேல். அங்கே சாதாரணமாகக் கிடைக்கும் கார் இங்கே அருமையாகிவிடுகிறது. மறுபக்கம், அங்கே மிக உயர்ந்த தரத்தில் மீட்டெடுத்த காருக்குக் கொடுக்கும் மேலதிகத் தொகையை இங்கே கொடுக்க ஆள் தேட வேண்டும். விளம்பரத்தில் கேட்கும் விலையும் ஆதாரமாகாது. கேட்கும் விலை ஆசை, விற்ற விலைதான் சந்தை. அதே மொடலில், அதே தரத்தில், கடந்த பன்னிரண்டு மாதத்துக்குள் உண்மையாகக் கைமாறிய மூன்று கார்களின் தொகையைப் பழைய கார்ச் சங்கக்காரரிடம் கேட்டு எழுதிவைத்தால், மதிப்பீட்டாளருக்கு முன்னால் அது நிற்கும்.

இன்னொரு விடயம், நம் நாட்டில் விலையின் பெரும்பங்கு இரும்பில் அல்ல, புத்தகத்தில் இருக்கிறது. தொடர்ச்சியான உரிமையாளர் பெயர்களுடன் பதிவுப் புத்தகம், புத்தகத்தில் உள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரில் உள்ளவையும் ஒன்றாக இருப்பது, பழைய இலக்கத் தகடு ஆகிய மூன்றும் சேர்ந்தால் துருப்பிடித்த காருக்கும் மதிப்புண்டு. 1950-களின் நடுவில் வந்த ஈ.என்., ஈ.வை. தகடுகளும், அதன் பின் வந்த சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துத் தகடுகளும் காரின் வயதை ஒரு பார்வையில் சொல்லிவிடும். அந்த ஸ்ரீ எழுத்துக்கு எதிராகத் தார் பூசிய 1958-ஐ மலையகம் மறக்கவில்லை. இன்று அதே தகட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கிறார்கள்.

எம்.ஜி.ஏ., ஸ்ப்ரைட் போன்றவற்றுக்கு இங்கிலாந்தின் கேடன் ஊரிலுள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம், தொழிற்சாலைப் பேரேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தரும். கார் செய்து முடித்த திகதி, முதல் நிறம், முதல் எஞ்சின் இலக்கம், எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்பவை அதில் இருக்கும். சேரிடம் ‘சிலோன்’ என்று வந்தால் அந்தத் தாள் ஒன்றே மதிப்பீட்டு அறிக்கையின் பாதி வேலையைச் செய்துவிடும். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் ஒளிக்க வேண்டாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து புத்தகத்தில் ஏற்றுங்கள். பதியாத எஞ்சின் இலக்கம் காப்புறுதிக் கோரிக்கையில்தான் முதலில் தலைநீட்டும்.

‘ஓபன் பேப்பர்’ பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முந்திய உரிமையாளர் கையெழுத்திட்ட மாற்றப் படிவத்தை அலுமாரியில் வைத்துக்கொண்டு, புத்தகத்தில் பெயர் மாற்றாமல் பல வருடம் ஓட்டும் பழக்கம் பழைய கார்களில் அதிகம். புத்தகத்தில் உங்கள் பெயர் இல்லாதபோது அந்தக் காரில் உங்களுக்குக் காப்புறுதி உரித்து இருக்கிறது, அதாவது கார் சேதமானால் நட்டப்படுபவர் நீங்கள்தான் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டிவரும். மூன்று வழிகளில் எதை எடுத்தாலும் முதல் வேலை பெயர் மாற்றம்.

தேர்ட் பார்ட்டி

1951-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வீதியில் ஓடும் வாகனத்துக்கு இது கட்டாயம். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க இதுவும் புகைச் சான்றிதழும் வேண்டும். நீங்கள் இடித்தவருக்குக் கிடைக்கும். உங்கள் காருக்கு ஒரு சதமும் கிடைக்காது. தீ, களவு, மண்சரிவு எதற்கும் இல்லை.

வருடத்துக்கு நான்கு தடவை, வீட்டிலிருந்து கிரகரி வாவியைச் சுற்றிவந்து நிறுத்தும் கார் என்றால்கூட இது போதாது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரிய நட்டம் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே வருகிறது. எம்.ஜி.ஏ.யின் எஞ்சினில் கார்பரேட்டர்களும் எக்ஸோஸ்ட் மெனிபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. மிதவை ஊசியில் தூசு சிக்கினால் பெற்றோல் வழிந்து சூடான மெனிபோல்டுக்குப் பக்கத்தில் இறங்கும். வழிந்தோடும் குழாய்கள் கழன்றோ காணாமலோ இருந்தால் சொல்லவே வேண்டாம். அதோடு பழைய ரப்பர் பெற்றோல் குழாய், 1950-களின் துணிச்சுற்று வயர் எல்லாம் சேர்ந்தால் எரிவதற்கு வேறெதுவும் தேவையில்லை. தேர்ட் பார்ட்டியோடு நிற்பதாயின் தீ, களவு இரண்டையும் மேலதிகமாகச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். பிரீமியம் கொஞ்சம்தான் கூடும்.

சந்தை விலைக் காப்புறுதி: மலிவாகத் தெரியும் பொறி

வழக்கமான முழுக் காப்புறுதியில் ஒரு வாசகம் இருக்கும்: நட்டம் நேர்ந்த வேளையின் சந்தைப் பெறுமதி அல்லது காப்புறுதிப் பெறுமதி, இரண்டில் எது குறைவோ அது. அதாவது தொகையைக் கூட்டி எழுதினால் பிரீமியம் மட்டும் கூடும், நட்டஈடு கூடாது. குறைத்து எழுதினால் இரண்டும் குறையும். ஐந்து வருட ஜப்பான் காருக்கு இது சரியாகவே வேலை செய்யும், ஏனெனில் அதன் விலை எல்லோருக்கும் தெரியும். எம்.ஜி. டி.டி.க்குச் சந்தை விலை என்ன என்று தீர்மானிப்பவர் அடிபட்ட காரைப் பார்க்க வரும் மதிப்பீட்டாளர். அவர் வாழ்க்கையில் பார்க்கும் முதல் டி.டி. அதுவாகக்கூட இருக்கலாம்.

கணக்குக்காக ஒரு எடுத்துக்காட்டு. காரின் உண்மையான பெறுமதி 90 இலட்சம் என்று வைப்போம். பிரீமியத்தை மிச்சப்படுத்த 45 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்கிறார் உரிமையாளர். கினிகத்தேனை வளைவில் சறுக்கி மண்மேட்டில் மோதுகிறது. முன் மட்கார்ட், ரேடியேட்டர் உறை, இரண்டு முன்விளக்கு, முன் சஸ்பென்ஷன், உள்ளே மரச்சட்டத்தின் முன்பகுதி என்று திருத்த 30 இலட்சம் வருகிறது.

இனி இரண்டு பாதைகள். முதலாவது, பத்திரத்தில் விகிதாசார வாசகம் இருந்தால்: பெறுமதியில் பாதிக்குத்தான் காப்புறுதி செய்திருக்கிறீர்கள், ஆகவே நட்டத்திலும் பாதிதான். 15 இலட்சம் கிடைக்கும். அதிலிருந்து நீங்கள் ஏற்க வேண்டிய முதல் தொகையும் பாகத் தேய்மானமும் கழியும். இரண்டாவது பாதை இன்னும் மோசம். 45 இலட்சம் காப்புறுதியில் 30 இலட்சம் செலவு என்பது மூன்றில் இரண்டு பங்கு. கம்பனி திருத்துவது கட்டாது, முழு நட்டம் என்று அறிவிக்கலாம். உங்களுக்கு 45 இலட்சம், கார் கம்பனிக்கு. அது கேள்விப்பத்திரத்துக்குப் போகும். அதைப் பிடிப்பவர் 30 இலட்சம் செலவழித்து 90 இலட்சக் காரை எடுத்துக்கொண்டு போவார், புத்தகத்தோடு. அதே காரை 90 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால் அதே அடி மூன்றில் ஒரு பங்குதான்; திருத்த வேலைக்கே போயிருக்கும்.

சந்தை விலை வழியில்தான் போக வேண்டிய நிலை என்றால் நான்கு விடயங்களை எழுத்தில் வாங்குங்கள். விகிதாசார வாசகம் உண்டா, எத்தனை வீதக் குறைவு வரை பொறுப்பார்கள். பழைய பாகத்துக்குப் புதியது போடும்போது தேய்மானக் கழிவு எவ்வளவு. முழு நட்டத்தில் உடைந்த காரைத் திருப்பி வாங்க உங்களுக்கு முதல் உரிமை உண்டா. திருத்தும் கராஜை யார் தெரிவு செய்வது. கடைசியை இலேசாக விட வேண்டாம். ஈயப் பூச்சும் பேனல் தட்டலும் தெரிந்த பாஸ்மார் குறைந்துகொண்டு வருகிறார்கள். மற்ற இடங்களில் மட்கார்டில் அரை அங்குலத்துக்குப் பட்டி அப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு மழைக்காலம் போனால் அது வெடித்து விழும்.

இணங்கிய பெறுமதி

இதில் தொகை முன்கூட்டியே முடிவாகிவிடும். முழு நட்டமானால் அந்தத் தொகை. சந்தை விலை என்னவாக இருந்தது என்ற விவாதம் கிடையாது. எல்லாக் கம்பனியும் எல்லாக் கிளையும் இதைத் தருவதில்லை. ஹற்றன், பதுளை கிளைகளில் கேட்டால் பெரும்பாலும் தலைமையகத்துக்கு அனுப்புவார்கள். பதில் வரச் சில வாரங்கள் போகலாம். புதுப்பிக்கும் திகதிக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். வாயால் ‘சரி’ சொன்னதை நம்ப வேண்டாம். பத்திரத்தின் அட்டவணையில் இணங்கிய பெறுமதி என்ற சொல் அச்சில் இருக்க வேண்டும், பின்னிணைப்பில் சந்தைப் பெறுமதி வாசகம் நீக்கப்பட்டிருக்க வேண்டும். முன்பக்கத்தில் இணங்கிய பெறுமதி, பின்பக்கத்தில் ‘எது குறைவோ அது’ என்று இரண்டும் சேர்ந்திருக்கும் பத்திரம், சண்டை வரும்போது உங்களுக்கு உதவாது.

கம்பனி ஏற்றுக்கொள்ளும் மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். அவர் வரும்போது கார் கழுவி, ஜாக்கியில் ஏற்றி, கீழே பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். நான்கு மூலைப் படம், செசி இலக்கத் தகடு, செசியில் குத்திய இலக்கம், எஞ்சின் இலக்கம், தரைத் தகட்டின் கீழ்ப்பக்கம், கதவுத் தூண்கள், வயர் கட்டு, மீட்டரில் உள்ள மைல் என்று முப்பது படமாவது அறிக்கையோடு போக வேண்டும். திருத்த வேலை பற்றுச்சீட்டுகளைத் திகதி வரிசையில் ஒரு கோப்பாக்குங்கள். வெளிநாட்டுப் பாகங்களின் விலைப்பட்டியலில் உங்கள் மொடலுக்கான பக்கங்களை அச்செடுத்து, கப்பற் கட்டணத்தையும் தீர்வையையும் பக்கத்தில் எழுதி இணைத்தால், பகுதி நட்டத்தில் ‘இந்த விளக்குக்கு இவ்வளவா’ என்ற கேள்வி எழாது.

மலையகத்துக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. கொழும்பிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் நுவரெலியாவில் சிலிண்டர் அழுத்தம் பார்த்தால் மீட்டர் குறைவாகவே காட்டும். 1,868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் 160 காட்டும் எஞ்சின் இங்கே 130-க்குக் கிட்டத்தான் காட்டும். அதைப் பார்த்து ‘எஞ்சின் தேய்ந்தது, ஓவர்ஹோல் தேவை’ என்று எழுதிவிட்டால் பெறுமதியில் நல்லதொரு துண்டு போய்விடும். நான்கு சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அது 10 வீதத்துக்குள் இருந்தால், குறைந்த அளவுக்குத் தேய்மானத்தைவிட உயரமே காரணமாக இருக்கக்கூடும். பிளக் கறுத்திருப்பதும் இதே கதைதான். மெல்லிய காற்றில் கொழும்புக்குச் சரிசெய்த எஸ்.யூ. கார்பரேட்டர் பெற்றோலைக் கூடுதலாக ஊட்டும்.

இணங்கிய பெறுமதியின் பலவீனம், அது அப்படியே உறைந்து நிற்பது. 2022 மார்ச்சுக்கு முன் டொலர் 200 ரூபா; இரண்டு மாதத்தில் 360-ஐத் தொட்டது. 2021-இல் எழுதிய தொகை 2022 நடுப்பகுதியில் இங்கிலாந்துப் பாகங்களின் விலைக்கு முன்னால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலுதான் கொண்டிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது தொகையையும் புதுப்பிக்க வேண்டும். ரூபா பெரிதாக ஆடினால் நடுவிலேயே பின்னிணைப்புக் கேட்க வேண்டும். முழு அறிக்கையை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதிதாக எடுத்தால் போதும், இடையில் பெரிய வேலை செய்திருந்தால் தவிர.

மலை என்ன செய்யும்

தட்டையான ஊரில் முதல் பயம் களவு. இங்கே களவு கடைசி. பொனட்டின் மேல் விளக்குகள் துருத்தி நிற்கும் தவளைக்கண் ஸ்ப்ரைட்டைத் திருடிக்கொண்டு றம்பொடையைத் தாண்டுவதற்குள் பாதி மாவட்டத்துக்குத் தெரிந்துவிடும். இங்கே மண்ணும் மரமும் மழையும்தான் ஆபத்து. 2014 ஒக்டோபர் 29-இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களெங்கும் சரிவுகள். இப்படியான வேளையில் காரைப் பற்றி யாரும் நினைக்க மாட்டார்கள், நினைக்கவும் கூடாது. ஆனால் பத்திரம் எழுதும் நாளில் நினைக்க வேண்டும். வெள்ளம், புயல், மண்சரிவு பெரும்பாலும் அடிப்படைப் பத்திரத்துக்குள் தானாக வருவதில்லை. இயற்கை அனர்த்தப் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும். அதில் ‘மண்சரிவு’ என்ற சொல் பெயர் குறிப்பிட்டு இருக்கிறதா என்று வாசியுங்கள். கலவரம், வேலைநிறுத்தம் தொடர்பான பாதுகாப்பையும் அதேபோல் தனியாகச் சேர்க்க வேண்டும்.

கராஜின் பின்னால் வெட்டிய மண்மேடு, பக்கத்தில் பழைய டர்பன்டைன் மரம், மேலே தோட்டப் பாதையின் கான் ஆகியவற்றை மறைக்காமல் முன்மொழிவுப் படிவத்தில் எழுதுங்கள். மறைத்த உண்மை கோரிக்கையை இரத்தாக்கக் காரணமாகும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்கு இரண்டாம் அல்லது மூன்றாம் மட்ட எச்சரிக்கை விடுத்தால் ஆட்கள் முதலில். நேரமிருந்தால் காரைச் சமதரைக்கு எடுக்கலாம்.

ஓடும்போது பெரிய ஆபத்து இறக்கம். டி.டி.யிலும் ஸ்ப்ரைட்டிலும் தொடக்க எம்.ஜி.ஏ.யிலும் நான்கு சில்லுக்கும் டிரம் பிரேக். பழைய பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். டொட் 4 எண்ணெயின் கொதிநிலை புதிதில் 230 பாகை. ஈரம் ஏறினால் 155 வரை விழலாம். நானுஓயாவிலிருந்து இறங்கும்போது இரண்டாம் கியரில் விடாமல் பிரேக்கிலேயே வந்தால், கொதித்த எண்ணெயில் குமிழ் வந்து பெடல் தரைக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றிய பற்றுச்சீட்டு கோப்பில் இருக்கட்டும். ‘வாகனம் ஓடத் தகுதியற்ற நிலையில் இருந்தது’ என்று கம்பனி வாதிட்டால் உங்களுக்கு அந்தத் துண்டுத்தாள்தான் சாட்சி.

விபத்தானால் பிரேக்டவுன் லொறியில் முன்சில்லைத் தூக்கி இழுக்க விடாதீர்கள். டி.டி.யின் முன்பக்கத்தில் கொக்கி மாட்டும் இடமெல்லாம் மெல்லிய தகடு. விபத்தில் தப்பியது அந்த இழுவையில் நசுங்கும். கெரியரில் ஏற்றும் செலவை கம்பனி ஏற்குமா, எத்தனை கிலோமீற்றர் வரை என்பதைப் பத்திரத்தில் பாருங்கள். ஹற்றனிலிருந்து கொழும்புக்கு என்றால் அந்த எல்லை போதாமல் போகலாம்.

எந்தக் காருக்கு எது

டி.சி., டி.டி., டி.எஃப். மூன்றிலும் தகட்டின் உள்ளே அஷ் மரச்சட்டம். மலை ஈரமும் கறையானும் அதற்கு இரண்டு எதிரிகள். கதவைத் திறந்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீல் தூணின் அடி உக்கியிருக்கிறது. மோதலில் உடைந்தது எது, முன்பே உக்கியிருந்தது எது என்று மதிப்பீட்டாளர் பிரிப்பார். உக்கலுக்குக் காப்புறுதி கிடையாது. ஆகவே மரச்சட்டத்தின் நல்ல நிலைக்குப் படச் சான்று இல்லாத டி.டி.க்கு இணங்கிய பெறுமதியும் பாதிப் பயன்தான். உள்ளூர்த் தச்சர் தேக்கில் செய்த சட்டம் உறுதியில் குறைந்ததல்ல. ஆனால் அறிக்கையில் அஷ் என்று எழுத விட வேண்டாம். இந்தக் காருக்கு இணங்கிய பெறுமதியைத் தவிர வேறு வழியைச் சொல்ல மனம் வரவில்லை.

எம்.ஜி.ஏ.க்குத் தனிச் செசி, ஒட்டுப்பலகைத் தரை; கதவுத் தோல், பொனட், டிக்கி மூடி அலுமினியம். செசி வளையாதவரை வெளித் தகடு எவ்வளவு நசுங்கினாலும் கார் திரும்பி வரும். அலுமினியத்தைத் தட்டத் தெரிந்தவர் கூலி கூடும், ஆகவே பகுதி நட்டமே பெரிய தொகையாகும். இங்கே இணங்கிய பெறுமதியோடு தேய்மானக் கழிவு நீக்கும் வாசகத்தையும் சேர்ப்பதில்தான் பலன். 1958-60 காலத்து ட்வின் கேம் (இரட்டைக் கேம்ஷாப்ட் எஞ்சின் கொண்ட எம்.ஜி.ஏ.) 2,111 மட்டுமே செய்யப்பட்டது. அப்படி ஒன்று கையில் இருந்தால் எஞ்சின் இலக்கப் படம்தான் முழுப் பெறுமதியும். சாதாரண எஞ்சின் மாட்டிய ட்வின் கேம் உடலுக்கு ட்வின் கேம் விலை கேட்டால் எந்த மதிப்பீட்டாளரும் கையெழுத்திட மாட்டார்.

ஸ்ப்ரைட்டுக்குத் தனிச் செசி இல்லை. பின் வில்கள் தரைக்குள் உள்ள பெட்டியில் செருகி நிற்கின்றன. அந்தப் பெட்டி துருப்பிடித்தால் பின் அச்சு கழன்று போகும் ஆபத்து. தவளைக்கண் மொடலில் பொனட்டும் மட்கார்டும் முன்முகமும் ஒரே துண்டு. ஒரு முச்சக்கர வண்டி முட்டினால்கூட முழுத் துண்டுக்கும் வேலை வரும். சிறிய கார், குறைந்த விலை என்பதால் பலர் இதைச் சந்தை விலைக்கு விடுகிறார்கள். குறைந்த பெறுமதிக் காரில் முழு நட்ட எல்லை சீக்கிரம் வந்துவிடும் என்பதால் காரை இழக்கும் வாய்ப்பு இதற்குத்தான் அதிகம்.

டி.ஆர். 2, டி.ஆர். 3 வைத்திருப்பவர்கள் எம்.ஜி.ஏ. கணக்கையே பின்பற்றலாம்.

கல்யாணம், மகாகஸ்தோட்டை, பிரித்துப் போட்ட கார்

ஏப்ரல் சீசனில் பங்களாக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெண் ஏற்ற பழைய கார் கேட்டு வருவார்கள். காசு வாங்கிக்கொண்டு ஓடினால் அது வாடகை ஓட்டம். தனிப்பட்ட பாவனைப் பத்திரம் அதை ஏற்காது. பூ மாலைக்குப் பின்னால் நீங்கள் தனியாகத்தான் நிற்பீர்கள். வருடத்துக்கு மூன்று கல்யாணம் என்றாலும் வாடகைப் பாவனைப் பின்னிணைப்பு எடுங்கள், அல்லது காசு வாங்காதீர்கள்.

1934 முதல் நடக்கும் மகாகஸ்தோட்டை மலையேற்றமும் றதல்லை மலையேற்றமும் நேரத்துக்கு ஓடும் போட்டிகள். போட்டி, வேகச் சோதனை, அதற்கான பயிற்சி எல்லாம் எந்த முழுக் காப்புறுதியிலும் விலக்கு. காட்சிக்கு நிறுத்துவதும், சங்க ஊர்வலத்தில் மெதுவாக வருவதும் வேறு. ஆனால் ‘ரெலி’ என்று அச்சடித்த அழைப்பிதழில் கடிகாரம் பார்க்கும் கட்டம் ஒன்று இருந்தால் முதலில் கம்பனியிடம் எழுதிக் கேளுங்கள்.

பிரித்துப் போட்ட காருக்கு மூன்றில் எதுவும் சரியாகப் பொருந்தாது. மோட்டார் பத்திரம் காரில் பூட்டியிருக்கும் பாகத்தைத்தான் காக்கும். ராக்கையில் இருக்கும் கியர்பெட்டி, குரோம் செய்யக் கொழும்புக்கு அனுப்பிய பம்பர், பெயின்ட் கடையில் நிற்கும் வெற்று உடல் எல்லாம் வெளியே. வீட்டுக்கோ கராஜுக்கோ எடுத்த தீக் காப்புறுதியில் பாகங்களைப் பட்டியலிட்டுச் சேர்ப்பதே இதற்கான வழி. வேலை செய்யும் கராஜுக்குத் தனக்கென்று காப்புறுதி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும், பெரும்பாலும் இருக்காது. கார் ஓடாமல் நிற்பதைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் அறிவிக்காவிட்டால் வருமான அனுமதிப்பத்திர நிலுவை ஏறிக்கொண்டே போகும். 1945-க்கு முன் பதிவான கார் என்றால் வெளிநாட்டுக்கு விற்க ஏற்றுமதி அனுமதியும் தேவை. ஆகவே அதன் பெறுமதியை வெளிநாட்டு விலையில் கணக்கிட வேண்டாம்.

அப்படியானால் முடிவு எப்படி? புத்தகம் உங்கள் பெயரில், இலக்கங்கள் ஒத்து, நல்ல நிலையில் ஓடும் எந்த டி வரிசைக்கும் எம்.ஜி.ஏ.க்கும் ஸ்ப்ரைட்டுக்கும் இணங்கிய பெறுமதி, மண்சரிவுப் பாதுகாப்பு, உடைந்த காரைத் திருப்பி வாங்கும் உரிமை மூன்றும். இணங்கிய பெறுமதி தர மறுத்தால், முழுத் தொகைக்குச் சந்தை விலைக் காப்புறுதி எடுத்து மதிப்பீட்டு அறிக்கையை அதோடு இணைத்து, அது கிடைத்தது என்று கம்பனியின் முத்திரை வாங்குங்கள். எஞ்சின் இலக்கம் பதியாதது, புத்தகம் இன்னொருவர் பெயரில் இருப்பது போன்ற கார்களுக்கு, அவற்றைச் சரிசெய்யும்வரை தேர்ட் பார்ட்டியோடு தீயும் களவும் போதும். முழுப் பிரீமியம் கட்டுவது வீண்.

பத்திரம் கைக்கு வந்ததும் ஒரு பேனையோடு உட்கார்ந்து செசி இலக்கத்தை எழுத்தெழுத்தாகக் காரில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பழைய எம்.ஜி. இலக்கங்களில் எழுத்தும் எண்ணும் சாய்கோடும் கலந்திருக்கும்; கணினியில் தட்டுபவர் சாய்கோட்டை 1 ஆக்கியிருப்பார், அல்லது ஓ-வைச் சுழியமாக்கியிருப்பார். திருத்தப் பின்னிணைப்பு கேட்டால் இலவசமாகவே தருவார்கள், விபத்துக்கு முன் கேட்டால்.